நான்கு நிமிடம் இருபது விநாடி

2018ஆம் ஆண்டின் ஒரு திங்கட்கிழமை காலை 10.20 மணிக்குக் கணக்குப் பிரிவு மேலாளர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் அருகருகே வைத்தார். ஒன்று பொள்ளாச்சிக் கிளையில் போட்ட பில். மற்றொன்று தாராபுரத்தில் போட்டது. வாடிக்கையாளர் வேறு, பொருள் வேறு, தொகை வேறு. பில் எண் மட்டும் ஒன்றே. "இதெப்படிங்க தம்பி ஆகும்?" என்று கேட்டார். சரக்கு மற்றும் சேவை வரி விதிகளின்படி ஒரு நிதியாண்டுக்குள் ஒரு பில் எண் ஒரே ஒருமுறைதான் வரலாம். ஒரே தரவுத்தளம் வரிசையாக எடுத்துக் கொடுக்கும் எண் இரண்டு பேருக்குக் கிடைத்திருக்கிறது என்றால், தரவுத்தளம் இரண்டாகிவிட்டது என்றுதான் பொருள். தாள்களைப் பார்த்த கணமே வயிற்றைக் கலக்கியது. ஏனெனில் அன்று காலை 8.50க்கு அதை இரண்டாக்கியது என் கைதான்.

பம்ப்செட் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்துக்காகக் கோவையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொங்கு வட்டாரம் முழுவதும் கிளைகள் இருந்தன. எல்லாக் கிளைகளின் பில்லும் தலைமை அலுவலகத்தின் ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில்தான் ஏறும். அந்தத் தரவுத்தளம் ஒருபோதும் நிற்கக் கூடாது என்பதற்காக இரண்டு சர்வர்களை வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று பொறுப்பேற்கும் ஒரு கிளஸ்டர் அமைத்திருந்தேன். ஒன்றுக்குப் பவானி என்றும் மற்றொன்றுக்கு நொய்யல் என்றும் பெயர். இரண்டிலும் டெபியன் லினக்ஸ். பவானியின் வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு பிளாக்கையும் டிஆர்பிடி என்ற மென்பொருள் உடனுக்குடன் நொய்யலின் வட்டிலும் எழுதும். இதற்கென்று இரண்டு சர்வர்களுக்கும் இடையே நேரடியாக ஒரு கேபிள் போட்டிருந்தோம். இருவரும் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்ளும் வேலை கோரோசிங்க் என்ற மென்பொருளினுடையது. யார் எந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று முடிவெடுப்பது பேஸ்மேக்கர் என்ற மற்றொரு மென்பொருள். கிளைகள் அனைத்தும் ஒரு மிதக்கும் ஐபி முகவரியை மட்டுமே அறியும். பொறுப்பு எந்தச் சர்வரிடம் இருக்கிறதோ, முகவரியும் அதனிடம் இருக்கும்.

இந்த அமைப்பில் நான் செய்து வைத்திருந்த ஒரு தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேஸ்மேக்கரைப் புதிதாக நிறுவினால், ஸ்டோனித் ஏற்பாடு எதையும் செய்யாமல் அது எந்தச் சேவையையும் தொடங்காது. பகிர்ந்த தரவு உள்ள கிளஸ்டருக்கு அது கட்டாயம் வேண்டும் என்று தன் நிகழ்வுப் பதிவேடான லாகில் எழுதிவிட்டு நிற்கும். ஸ்டோனித் என்பது, மற்ற சர்வரிடமிருந்து பதில் வராதபோது அதன் மின்சாரத்தையே துண்டித்து, அது செத்துவிட்டது என்பதை ஐயத்துக்கிடமின்றி உறுதி செய்துகொள்ளும் முறை. அந்த எச்சரிக்கை எரிச்சலூட்டுவதாகவும், ஒரு சர்வர் மற்றொன்றை அணைப்பது மூர்க்கத்தனமாகவும் எனக்குத் தோன்றியதால், இணையத்தில் கிடைத்த வழிகாட்டுதல்களில் பாதி சொல்வதுபோல ஒரே வரியில் அதை முடக்கி வைத்திருந்தேன். அதன் பிறகு கிளஸ்டர் முறைப்பாடில்லாமல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடியது. ஓடியதால் நான் செய்தது சரி என்றும் நம்பிவிட்டேன்.

முந்தின நாளான ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தின் மைய சுவிட்சை மாற்றியிருந்தோம். பழையது பத்தாண்டு உழைத்த சுவிட்ச். விசிறி சத்தம் போட ஆரம்பித்திருந்தது. இரண்டு சர்வர்களையும் முறைப்படி அணைத்து, கேபிள்களைப் புதிய சுவிட்சுக்கு மாற்றி, மீண்டும் இயக்கினோம். கிளஸ்டரில் இரு சர்வர்களும் இணைந்திருந்தன, டிஆர்பிடி இணைந்திருந்தது, போஸ்ட்கிரெஸ் பவானியில் ஓடியது. என்னுடன் பணிபுரிந்த இளைஞர் பொறுப்பை ஒருமுறை நொய்யலுக்கு மாற்றி, மீண்டும் பவானிக்குக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் சரியாக நடந்தது. இந்தச் சோதனைக்கு மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினோம். இன்னும் இரண்டு நிமிடம் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி நடந்தே இருக்காது.

மறுநாள் காலை நான் வந்தபோது கண்காணிப்பு மென்பொருள் நொய்யலைச் சிவப்பில் காட்டிக்கொண்டிருந்தது. நொய்யலுக்குள் நுழைந்து கிளஸ்டரின் நிலையைக் கேட்டேன். பவானி இல்லை என்றது. தரவு வட்டைத் தன் பொறுப்பில் எடுக்க முயன்றதாகவும் அது தோற்றுப்போனதாகவும் சொன்னது. லாகில் டிஆர்பிடி ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது: இரண்டு முதன்மைகள், அதாவது எழுதும் உரிமையுள்ள சர்வர்கள் இரண்டு, இருக்க இந்த அமைப்பில் அனுமதி இல்லை. இப்போது படித்தால் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது என்று தோன்றுகிறது. "பவானி சாகவில்லை, என் நேரடிக் கேபிளில் அதன் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதுதான் இப்போது முதன்மை, ஆகவே உன்னை விட மாட்டேன்" என்று டிஆர்பிடி வாசலை மறித்து நின்றிருக்கிறது. நானோ, பவானி செத்துவிட்டது என்ற கோரோசிங்கின் வார்த்தையை நம்பி, டிஆர்பிடிதான் ஏதோ பழைய நிலையில் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். கிளைகள் 9 மணிக்குத் திறக்கும் என்ற அவசரம் வேறு. நொய்யலில் டிஆர்பிடி இணைப்பைத் துண்டித்தேன். பேஸ்மேக்கரின் பிழைக் கணக்கை அழித்து, மீண்டும் முயலச் சொன்னேன். உடனே எல்லாம் பச்சையானது. இருக்கிறாயா என்று பவானிக்கு ஒரு பிங் அனுப்பிப் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அந்தக் கணத்திலிருந்து இரண்டு சர்வர்களும் முதன்மை. மிதக்கும் முகவரியும் இரண்டிலும் இருந்தது. நொய்யல் முகவரியை எடுத்தவுடன் அதை வலையமைப்பில் அறிவித்ததால், கிளைகளிலிருந்து வருவதையெல்லாம் ரவுட்டர் முதலில் நொய்யலுக்கு அனுப்பியது, பிறகு தன் நினைவில் இருந்த பதிவு காலாவதியாகி, "இந்த முகவரி யாருடையது?" என்று அது மீண்டும் கேட்டபோது இருவருமே "என்னுடையது" என்றார்கள். எந்தப் பதில் கடைசியாக வந்ததோ அந்தப் பக்கம் அடுத்த சில நிமிடங்களின் பில்கள் போயின. இதைத்தான் எங்கள் தொழிலில் ஸ்பிளிட் பிரெய்ன் என்கிறோம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எதுவுமே நிற்கவில்லை. பில் வந்துகொண்டே இருந்தது. கிளஸ்டர் நின்றுபோயிருந்தால் பத்து நிமிடத்தில் தொலைபேசி அலறியிருக்கும். நிற்காததால்தான் ஒன்றரை மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை.

மீட்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நொய்யலின் சேவைகளை நிறுத்தி, டிஆர்பிடியை மீண்டும் இணைக்க முயன்றபோது, இரண்டு பக்கமும் தனித்தனியே மாறியிருக்கின்றன என்று கண்டு அது இணைய மறுத்தது. இரண்டில் ஒன்றின் மாற்றங்களைத் தூக்கி எறிய வேண்டும். எதை என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். நொய்யலில் 37 பில்கள் ஏறியிருந்தன. பவானியில் அதைவிடக் கூடுதல். ஆகவே நொய்யலின் தரவுத்தளத்தை முழுவதும் நகலெடுத்து வைத்துவிட்டு, உன் தரவை விட்டுவிடு என்று அதற்குக் கட்டளையிட்டு இணைத்தோம். கணக்குப் பிரிவினர் அந்த 37 பில்களையும் புது எண்ணில் மறுபடி போட்டு, வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் அழைத்துப் பழைய தாளைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வாரம் முழுவதும் அவர்கள் இருந்த பக்கம் நான் தேநீர் குடிக்கப் போகவில்லை.

இவ்வளவுக்கும் உண்மையான கேள்வி அப்படியே இருந்தது. நான் செய்தது இரண்டாவது தவறு. முதலில் பவானி உயிரோடு இருக்கும்போதே, அது இல்லை என்று கோரோசிங்க் ஏன் சொன்னது? பவானியின் லாகைப் பார்த்தால் அது நொய்யல் இல்லை என்று அதே நேரத்தில் எழுதி வைத்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் செத்தவராக அறிவித்திருக்கிறார்கள், இருவருமே உயிரோடு இருந்துகொண்டு.

திங்கள் இரவு கிளைகள் மூடிய பிறகு சோதனையைத் தொடங்கினோம். பேஸ்மேக்கரைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றினால் அது எந்தச் சேவையையும் தொடாது. கோரோசிங்கை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தித் தொடங்கலாம். இரண்டிலும் மறுதொடக்கம் செய்தோம். இருவரும் உடனே ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். சிறிது நேரம் நன்றாக இருந்தது. பிறகு லாகில், கிடைக்காத செய்திகளைத் திரும்ப அனுப்பச் சொல்லும் பட்டியல் ஒன்று வரி வரியாக ஓட ஆரம்பித்தது. அதன் முடிவில், பெற முடியவில்லை என்ற அறிவிப்பு. அதற்கடுத்து, ஒரே ஓர் உறுப்பினரோடு புதிய குழு அமைந்தது என்ற செய்தி. மறுபடியும் பிரிந்துவிட்டார்கள்.

வலையமைப்பைப் பார்க்கச் சொல்லி சுவிட்ச் போட்டுக்கொடுத்த மூத்தவரை அழைத்தோம். அவர் தம் மடிக்கணினியிலிருந்து இரண்டு சர்வருக்கும் பிங் போட்டுப் பார்த்தார். ஒரு பேக்கெட்கூடத் தவறவில்லை. "பிங் போகுதுங்களே, அப்புறம் நெட்வொர்க்ல என்னங்க கோளாறு இருக்கப்போவுது?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குள் உள்நுழைய முடிந்தது. பெரிய கோப்புகளை அனுப்ப முடிந்தது. ஆகவே வலையமைப்பைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு, அடுத்த ஒன்றரை மணி நேரத்தைச் சர்வருக்குள்ளேயே தேடிச் செலவழித்தோம். கேபிளை மாற்றினோம். ஃபயர்வாலை முழுவதும் திறந்துவிட்டோம். கோரோசிங்கின் அந்தப் பதிப்பில் டோக்கன் காத்திருப்பு நேரம் இயல்பாக 1000 மில்லிவிநாடி. புதிய சுவிட்ச் மெதுவாக இருக்கலாம் என்று அதை 10000 ஆக்கினேன். எந்த மாற்றமும் இல்லை. கிளஸ்டர் பிரிந்தால் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவது, காய்ச்சல் என்றால் கையிலிருக்கும் மாத்திரையைப் போடுவது போன்றது. அதில் தணியவில்லை என்பது மட்டும்தான் அன்று எனக்குப் பயன்பட்ட செய்தி.

விடையின் நுனியைப் பிடித்தது அந்த இளைஞர்தான். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு பழைய டெலிவரி சலானின் பின்புறத்தில் நேரங்களைக் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். மூன்றாவது முறை பிரிந்ததும் தாளை என் பக்கம் தள்ளி, "ஏனுங்கண்ணா, ஒவ்வொரு தடவையும் ஒரே நேரந்தானுங்க ஆவுது, பார்த்தீங்களா?" என்றார். சேர்ந்ததிலிருந்து பிரிந்தது வரை 264 விநாடி, 263 விநாடி, 266 விநாடி. காத்திருப்பு நேரத்தைப் பத்து மடங்காக்கியது அந்த எண்களில் தடமே பதிக்கவில்லை.

கேபிள் பழுது இப்படி நேரம் பார்த்து வராது. சுமை அதிகமானதால் வரும் தாமதமும் வராது. பழுதடைந்த நினைவகமும் வராது. இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியம் நடக்கிறது என்றால், எங்கேயோ ஒரு கடிகாரம் ஓடுகிறது, யாரோ எழுதி வைத்த எண் ஒன்று முடிந்துபோகிறது. எங்கள் அமைப்புக் கோப்புகள் எதிலும் 260க்கு அருகில் ஓர் எண்கூட இல்லை. ஆகவே கடிகாரம் எங்கள் சர்வர்களில் இல்லை.

அடுத்த சுற்றில் இரு சர்வர்களிலும் கோரோசிங்கின் போர்ட்டான யூடிபி 5405இல் போய்வரும் பேக்கெட்டுகளை ஒட்டுக்கேட்டோம். இரண்டு வகைப் பேக்கெட்டுகள் தெரிந்தன. கோரோசிங்க் பின்பற்றும் டோட்டம் நெறிமுறையில் ஒரு டோக்கன் சர்வர்களுக்கிடையே சுற்றிவரும். கையில் டோக்கன் இருப்பவர்தான் பேசலாம். அந்த டோக்கன் அடுத்தவரின் முகவரிக்கே நேராகப் போகிறது. ஆனால் பேசும் செய்தி, எல்லோருக்கும் கேட்கும்படி மல்ட்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது. எங்கள் கிளஸ்டரில் அது 239.192 என்று தொடங்கும் முகவரி. முதல் நான்கு நிமிடம் இரண்டு வகையும் வந்தன. சரியாக 260ஆம் விநாடியை ஒட்டி, நொய்யலில் பவானியின் மல்ட்டிகாஸ்ட் வருவது சட்டென்று நின்றது. டோக்கன் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. பவானியிலோ அதே செய்திகள் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. அனுப்பியவர் அனுப்பினார், பெறவேண்டியவருக்கு வரவில்லை, இடையில் இருந்தது புதிய சுவிட்ச் மட்டும். டோக்கன் வருகிறது, அதில் இத்தனை செய்தி அனுப்பியாயிற்று என்று எழுதியிருக்கிறது, செய்தியோ கையில் இல்லை. அதனால்தான் திரும்ப அனுப்பு என்ற அந்த நீண்ட பட்டியல். பிங் ஏன் சரியாகப் போனது என்பதும் அப்போது விளங்கிற்று. பிங் ஒருவருக்கு அனுப்பும் கடிதம். தொலைந்துகொண்டிருந்ததோ ஊருக்கெல்லாம் போடும் தண்டோரா.

260 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மல்ட்டிகாஸ்ட் செய்தியைச் சாதாரண சுவிட்ச் எல்லாப் போர்ட்டுகளிலும் அள்ளி வீசும். வீணாகிறதே என்று, ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி வந்தது. ஒரு கணினி ஒரு மல்ட்டிகாஸ்ட் குழுவில் சேரும்போது தான் சேர்ந்ததை ஐஜிஎம்பி வழியாக அறிவிக்கும். சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டு, எந்தப் போர்ட்டில் யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். ஆனால் சேர்ந்தவர் பிறகு சொல்லாமலே போய்விடலாம் அல்லவா? அதனால் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேடு எடுப்பதுபோல, வலையமைப்பில் குவேரியர் என்ற ஒருவர் 125 விநாடிக்கு ஒருமுறை "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்பார், உறுப்பினர்கள் "உள்ளேன்" என்பார்கள், பதிலுக்கு 10 விநாடி அவகாசம். ஒரு கேள்வி வழியில் தொலைந்துபோகலாம் என்பதால் இரண்டு கேள்விகளின் காலம் வரை பொறுக்க வேண்டும். 125ஐ இரண்டால் பெருக்கிப் பத்தைக் கூட்டினால் 260. அவ்வளவு நேரமும் பதில் இல்லையென்றால் சுவிட்ச் அந்தப் பெயரை அடித்துவிடும்.

பழைய சுவிட்சில் குவேரியர் இயக்கத்தில் இருந்திருக்கிறது. யார் எப்போது இட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. புதிய சுவிட்ச் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஸ்னூப்பிங் இயக்கத்தில் இருந்தது, குவேரியர் இல்லை. அதாவது பதிவேடு இருக்கிறது, பெயர் கூப்பிட ஆசிரியர் இல்லை. கேட்காதபோது கணினிகள் தாமாக "உள்ளேன்" என்று சொல்வதில்லை. அது அவற்றின் தவறும் அல்ல. 260 விநாடி ஆனதும் இரண்டு சர்வர்களின் பெயரும் அடிக்கப்பட்டன. யாரும் உறுப்பினராக இல்லாத குழுவுக்கு வரும் செய்தியைச் சில சுவிட்சுகள் எல்லாப் பக்கமும் விட்டுவிடும். எங்களுடையதில் அதையும் தடுக்கும் அமைப்பு போடப்பட்டிருந்தது. பெயர் அடிபட்ட பிறகு கோரோசிங்குக்கு அடுத்த செய்தியை அனுப்ப வேண்டி வந்து, அது கிடைக்காமல் திணறி, கைவிடுவதற்கு ஆன மூன்று, நான்கு, ஆறு விநாடிகள்தான் 260க்கும் அந்தச் சலானில் இருந்த எண்களுக்கும் உள்ள வேறுபாடு.

நெட்வொர்க் மூத்தவர் சுவிட்சில் குவேரியரை இயக்க ஒரே ஒரு வரி தட்டினார். நாங்கள் மீண்டும் கோரோசிங்கைத் தொடங்கிவிட்டு உட்கார்ந்தோம். கூடவே, மல்ட்டிகாஸ்டைச் சோதிக்கும் ஓம்பிங் என்ற கருவியை இரண்டு பக்கமும் விநாடிக்கு ஒன்றாக 600 முறை ஓடவிட்டோம். இந்தச் சோதனையைப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓடவிடவேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதற்கு இந்த 260தான் காரணம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை அது யாரோ சும்மா போட்ட எண் என்று நினைத்திருந்தேன். நான்கு நிமிடம் இருபது விநாடி ஆனபோது மூவருமே பேச்சை நிறுத்தினோம். எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆறாவது நிமிடத்தில்தான் மூத்தவர் தம் தேநீரை எடுத்தார். அது ஆடை கட்டியிருந்தது.

பழுது அத்தோடு தீர்ந்தது என்றாலும், என் தூக்கம் திரும்பவில்லை. குவேரியர் இல்லாமல் போனது ஒரு சந்தர்ப்பம்தான். நாளைக்கு வேறொன்றால் இருவரும் பேச்சற்றுப் போகலாம். அப்போது கிளஸ்டர் என்ன செய்யும் என்பதுதான் நான் இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட கேள்வி. பதில் வராததை வைத்து, மற்றவர் செத்துவிட்டாரா, உயிரோடிருந்தும் குரல் மட்டும் எட்டவில்லையா என்று ஒரு சர்வரால் ஒருபோதும் பிரித்தறிய முடியாது. இந்த இடத்தில் ஊகத்துக்கு இடமளித்தால் ஒரே எண்ணில் இரண்டு பில் கிடைக்கும். ஆகவே ஸ்டோனித்தை இயக்கினோம். இரண்டு சர்வர்களின் தாய்ப்பலகையிலும் ஐபிஎம்ஐ என்ற முறையில் கட்டளை ஏற்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி தனியாக இருக்கிறது. அதன் வழியே ஒன்று மற்றொன்றின் மின்சாரத்தை அணைக்கலாம். டிஆர்பிடிக்கும் தனியாகச் சொல்லி வைத்தோம்: இணைப்பு அறுந்தால் எழுதுவதை நிறுத்து, எதிர்ப்பக்கம் அணைக்கப்பட்டது உறுதியான பிறகே தொடர்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் தொடர்பு அறுந்தால் இருவரும் ஒரே நேரத்தில் சுடுவார்கள், அதாவது ஒருவர் மின்சாரத்தை மற்றவர் அணைப்பார். 2012 டிசம்பர் 22 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் சுவிட்ச் பராமரிப்பின்போது வலையமைப்பு ஒன்றரை நிமிடம் தடைப்பட்டது. பேஸ்மேக்கரும் டிஆர்பிடியும் கொண்டு இரட்டை இரட்டையாக அமைத்திருந்த அவர்களின் கோப்புச் சர்வர்களில் சில இணைகள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டன. கடைசியாக யார் முதன்மையாக இருந்தார் என்று ஒவ்வோர் இணைக்கும் தேடிக் கண்டுபிடித்த பிறகே அவர்களால் மீள முடிந்தது. நான் படித்தவற்றிலேயே எங்கள் அமைப்புக்கு மிக நெருக்கமான விபத்து அதுதான். ஆகவே நொய்யல் சுடுவதற்கு முன் சில விநாடி பொறுக்கும்படி வைத்தோம். பவானிக்கு அந்தப் பொறுமை கிடையாது. சண்டை வந்தால் பவானி வெல்லும். பவானி உண்மையாகவே செத்திருந்தால் நொய்யலுக்கு அந்தச் சில விநாடிகள் நட்டமில்லை.

எல்லாம் அமைத்த பிறகு நிறுவன உரிமையாளர் முன்னிலையில் சோதனை நடந்தது. வலையமைப்புக் கேபிளைப் பிடுங்கினோம், நொய்யல் அணைந்தது. இயங்குதளத்தின் மையமான கெர்னலை வேண்டுமென்றே முறித்தோம், மற்றது பொறுப்பேற்றது. பிறகு அவரே, "கரண்டைப் புடுங்குனா?" என்று கேட்டுவிட்டு, பவானியின் இரண்டு மின்கம்பிகளையும் உருவினார். நொய்யல் அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். போஸ்ட்கிரெஸ் எங்கேயும் ஓடவில்லை. மின்சாரம் போனதும் பவானியின் ஐபிஎம்ஐயும் செத்துப்போனதால், "அணைத்துவிட்டேன்" என்று சொல்ல அங்கே ஆளில்லை; அந்தச் சொல் வராமல் நொய்யல் தொடாது. "இதுக்காங்க இத்தனை செலவு?" என்றார் உரிமையாளர். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு நிமிட அசைவின்மை அந்தத் திங்கட்கிழமையின் பச்சை விளக்கைவிட எனக்கு மேலாகத் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லும் துணிவு மட்டும் வரவில்லை. ஐபிஎம்ஐ பதில் சொல்லாவிட்டால் ரேக்கின் மின்பகிர்வுப் பலகையிலேயே அந்த இணைப்பைத் துண்டிக்கும்படி இரண்டாம் நிலை ஒன்றைச் சேர்த்த பிறகு அந்தச் சோதனையும் தேறியது.

மற்ற மாற்றங்கள் சிறியவை. கோரோசிங்கை மல்ட்டிகாஸ்டிலிருந்து நேரடி முகவரிகளுக்கு மாற்றினோம். டிஆர்பிடியின் கேபிளிலேயே அதற்கு இரண்டாவது வளையம் ஒன்றும் கொடுத்தோம். இருவரும் பிரிந்தால் பெரும்பான்மையைத் தீர்மானிக்கும் மூன்றாவது வாக்குக்கு, கணக்குப் பிரிவின் மூலையில் கிடந்த ஒரு பழைய மேசைக்கணினியில் கியூநெட்டி என்ற சிறு சேவையை ஓடவிட்டு, அமராவதி என்று பெயர் வைத்தோம். அதில் தரவு எதுவும் இல்லை. பவானியும் நொய்யலும் பிரிந்தால் எந்தப் பக்கம் வாக்களிப்பது என்பது மட்டுமே அதன் வேலை.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குச் சர்வர் அறையின் ரேக்குகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அமராவதி கிளஸ்டரின் உறுப்பினர் என்று யாருக்கும் தெரியாததால், மூலையைக் கழுவித் துடைக்க அதன் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கை வந்தது. மூன்றில் இரண்டு வாக்கு இருந்ததால் கிளஸ்டர் எதையும் பொருட்படுத்தவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் கணக்குப் பிரிவு மேலாளரே அதைத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்து, பிளக்கைச் சொருகி, அதற்கும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.